கிண்ணி மிசினுக்குப் போட்ட மாலை

நேற்று மழை பெய்ததா என்று காளியண்ணனிடம் ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை. பெய்தது என்றோ பெய்யவில்லை என்றோ அவர் சொல்லமாட்டார். பதினான்கு மில்லிமீட்டர் என்பார். அது நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து இன்று காலை எட்டு மணி வரைக்குமானது என்றும் சொல்வார். தூறல் என்ற சொல்லை அவர் ஒப்புக்கொண்டதில்லை. அளவுக் குழாயில் நிற்காத மழைக்கு "அளவுக்குக் கீழ்" என்று பெயர் வைத்திருந்தார்.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் லயத்தில், ஏழாம் எண் வீட்டில், 1934-இல் பிறந்தவர் அவர். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். பதினான்கு வயதில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலைக்குப் போனார். 1968-இல் கத்தி வழுக்கி இடது காலில் பட்டபின், பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் வேலைக்கு ஆலைக்குள் மாற்றினார்கள். மழைமானி அவர் கைக்கு வந்தது மறு ஆண்டு. அதற்கு முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர், வானம் வெளுத்துக் கிடந்த மூன்று நாளுக்கு ஒரே அளவு மழையை எழுதி, ஒரே நாளில் அந்த வேலையை இழந்திருந்தார்.

மேல் லயத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பதினெட்டு வீடுகள். ஆலையிலிருந்து மூன்று மைல் ஏறவேண்டும். மின்சாரம் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், மின்சாரக் கம்பி லயத்தின் பின்பக்க மேட்டில்தான் போனது. கீழே அணை கட்டி எடுத்த மின்சாரம் இரும்புக் கோபுரம் கோபுரமாக ஏறி, பனிமூட்டமான நாட்களில் தேனடை மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டு, கோலாலம்பூருக்குப் போனது. வழியில் எங்கும் இறங்கவில்லை. அதன் அடியில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டு பதினெட்டு குடும்பமும் சோறு தின்றது.

1981 ஜனவரியில், லயத்துக்கு முன்னால் காலையில் பேர் வாசித்து ஆளெடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத் துரை ஓர் அறிவிப்புச் செய்தார். மின்சாரம் இல்லாத லயங்களை 1983 முடிவதற்குள் இடித்துவிட்டு, ஆட்களைக் கீழ் லயத்துக்குக் கொண்டுவரப் போகிறார்கள். மேலே கம்பி இழுப்பது தோட்டத்துக்குக் கட்டுப்படியாகாது.

காளியண்ணனின் மனைவி செல்லம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. ஏழாம் எண் வீட்டுக்குப் பின்னால் அவளே பலகை அடித்துக் கட்டிய சமையற்கட்டு ஒன்று இருந்தது. அதன் வாசலில் ஓர் ஊற்று. ஊற்றுத் தண்ணீரில் கீரைப் பாத்தி. கீழ் லயத்தில் ஆறு வீட்டுக்கு ஒரு குழாய்.

"அங்க போயி வரிசையில வாளியோட நிக்கணும்லா," என்றாள். "இருவது வருசமா எங்கிட்ட பேசாத பொம்பளைங்களுக்கு நடுவுல."

பிறந்ததிலிருந்து காளியண்ணன் ஏழாம் எண் வீட்டைத் தவிர வேறு எண்ணில் தூங்கியது பதினோரு இரவுகள்தான். அவற்றில் ஒன்பது, தானா ராத்தா மருத்துவமனையில், கால் வெட்டுப்பட்டபோது.

மார்ச் 9, திங்கட்கிழமை, லாண்ட்ரோவர் ஒன்று மேல் லயத்துக்கு ஏறி வந்தது. அதிலிருந்து அர்ஜுனன் என்ற அதிகாரி இறங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும். குளிருக்குப் போதாத சட்டை. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகம். அதன் பெயர் நீளமானது, அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

லயத்து ஆட்களைக் கூட்டி வைத்து அவர் விளக்கினார். நாட்டில் மின்சாரம் பெரும்பாலும் எண்ணெய் எரித்து வருகிறது. எண்ணெய் விலை எட்டு வருடத்தில் இரண்டு தடவை குதித்துவிட்டது. ஆகவே வெயிலும் காற்றும் எங்கெங்கே தேறும் என்று அரசாங்கம் பார்க்கச் சொல்லியிருக்கிறது. கம்பி போகாத இடங்களில் சோதனை வைக்கப்போகிறார்கள். இந்த மலையில் ஓர் இடம்தான். பார்வையில் இருப்பவை இரண்டு: ஒன்று இந்த லயம், மற்றொன்று மலைக்கு அந்தப் பக்கம். ஒரு வருடம் அளக்கவேண்டும். சராசரி காற்று மணிக்கு ஒன்பது மைல் இருந்தால் காற்றாலை. சராசரி வெயில் நாளுக்கு ஐந்து மணி நேரம் இருந்தால் சோலார் பலகை.

"ரெண்டும் இல்லன்னா?" என்று கேட்டாள் பாஞ்சாலை. எட்டாம் எண் வீட்டுக்காரி. கொழுந்து பறிப்பதிலும் கேள்வி கேட்பதிலும் கை வேகம்.

"ரெண்டும் இல்லன்னா ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப எங்க லயத்த இடிச்சிடுவாங்க தம்பி. அதையும் எழுதிக்குங்க."

அர்ஜுனன் எழுதிக்கொண்டார். பிறகு, தினமும் தவறாமல் அளந்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்றார். பதினேழு வீட்டு ஆட்களும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

கருவி இரண்டு. ஒன்று, ஆள் உயரக் கம்பத்தில் மூன்று கிண்ணங்கள். காற்றடித்தால் சுற்றும், கீழே ஒரு பெட்டியில் எண் ஏறும். இங்கிலாந்தில் செய்தது, மைல் கணக்கு. லயத்தில் அதற்குக் கிண்ணி மிசின் என்று பெயர் வந்தது. மற்றது, ஒரு கண்ணாடிக் குண்டு. தேங்காய் அளவு. வெயில் அதன் வழியாகக் குவிந்து, பின்னால் செருகிய அட்டையில் கருகல் கோடு போடும். மேகம் வந்தால் கோடு நிற்கும். நாளுக்கு ஓர் அட்டை.

மழை மில்லிமீட்டரிலும் காற்று மைலிலும் இருப்பது காளியண்ணனுக்கு முதல் வாரம் உறுத்தியது. ஆனால் கருவி எந்தக் கணக்கில் சொல்கிறதோ அந்தக் கணக்கில்தான் எழுதவேண்டும் என்று விட்டுவிட்டார்.

ஏப்ரல் 1, காலை எட்டு மணிக்குப் பதிவு தொடங்கியது. கோடு போட்ட நோட்டில் நான்கு பத்திகள்: தேதி, காற்று, வெயில், குறிப்பு. அரசாங்கம் கேட்டது முதல் மூன்று. நான்காவதை அவர் தானாகப் போட்டுக்கொண்டார்.

முதல் மூன்று மாதத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காற்று மணிக்கு ஐந்து மைல். ஒன்பது வரும் என்று நம்புவதற்கு இடமே இல்லை. வெயில் நான்கு மணி நேரத்தைச் சுற்றி நின்றது. மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து லயத்தை மூடிவிடும். அதற்கப்புறம் குண்டு வெறும் குண்டுதான்.

லயத்து ஆட்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

ஜூலை 4 அன்று புகை நட்டுக்குத்தாக ஏறுகிற அளவுக்கு அசைவில்லாத பனி. மறுநாள் காலை பெட்டியில் எண்பத்து மூன்று மைல் ஏறியிருந்தது. காளியண்ணன் கம்பத்தைச் சுற்றி வந்து தரையைப் பார்த்தார். ஈர மண்ணில் பலவிதமான காலடிகள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஆளுக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், கோயில் மணியை அடித்துவிட்டுப் போவது மாதிரி. குறிப்புப் பத்தியில் எழுதினார்: "83. பெரும்பகுதி கையால் சுற்றியது." அன்று மாலையே முள்கம்பி வேலி போட்டார்.

சிவசாமி கங்காணி வந்து வேலிக்கு வெளியே நின்றார். பெரட்டில் பேர் வாசிப்பவர். அவர் வீடும் மேல் லயத்தில்தான், முதல் எண்.

"என்னா காளி, காத்துக்கு வேலி போடறியா?"

"காத்து உள்ள வரலாம் கங்காணி. கைதான் வரக்கூடாது."

"பதினெட்டு குடும்பம் ஐயா. ஒரு விரல வச்சி லேசா சுத்துனா என்னா கொறஞ்சி போச்சி?"

"சுத்தலாம். அப்புறம் காத்தாலைய வச்சிட்டுப் போயிருவாங்க. அதையும் நீங்கதான் தெனம் விரலால சுத்தணும்."

சிவசாமி கங்காணி அதைப் பற்றி யோசித்துக்கொண்டே போனார்.

செல்லம்மா ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "ஏங்க, நீங்க பொய் எழுத வேணாம். கொஞ்சம் தாராளமா எழுதுங்க."

அன்று வெயில் மூன்று மணி ஐம்பது நிமிடம். அவர் மூன்று ஐம்பது என்றே எழுதினார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இரவுக் குழம்பில் உப்பைத் தாராளமாகப் போட்டாள்.

அக்டோபர் 7, புதன்கிழமை, ஆயுத பூசை.

தோட்டத்தில் அன்று எல்லாக் கருவிக்கும் பொட்டு உண்டு. கவ்வாத்துக் கத்தி, பாராங் என்ற வெட்டுக்கத்தி, கொழுந்துக் கூடை, ஆலையில் அரைக்கும் இயந்திரம், லோரி என்று எதையும் விடமாட்டார்கள். பூசை செய்த கருவியை மறுநாள் காலை வரை தொடக்கூடாது, அது ஓய்வெடுக்கவேண்டும். மழைமானிக்கு 1969-லிருந்து ஒவ்வொரு வருடமும் காளியண்ணன் சந்தனம் தடவி மாலை போட்டு வந்தார். மழைமானிக்கு மாலை போட்டால் மழை நிற்காது. அதனால் பன்னிரண்டு வருடத்தில் பதிவுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

எனவே காலை எட்டு மணிக்குப் பதிவை முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு அவர் கண்ணாடிக் குண்டின் உச்சியில் மூன்று விரல் பட்டையாக விபூதி பூசி, அதன் நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்தார். கிண்ணி மிசினுக்கு மாலையைப் போட்டார். திரிங்காப் ஊரிலிருந்து வந்த சாமந்தியில் செல்லம்மா கட்டிய மாலை. இரண்டு முழம், நெருக்கக் கட்டியது. லயமே கூடி நின்றது. சிவசாமி கங்காணி சூடம் கொளுத்தினார். வழக்கத்தில் இல்லாதபடி பாஞ்சாலை கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை பேரில் ஒருவருக்கும் வேறொரு யோசனை வரவில்லை. கருவி என்றால் மாலை. அதற்கு மேல் யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

மாலை முதலில் கிண்ணங்களோடு சேர்ந்து சுற்றியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு தண்டில் இறுகிக்கொண்டது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் காற்று வந்தது. அப்படி ஒரு காற்று அந்த வருடம் அதற்கு முன்பும் அடிக்கவில்லை, பின்பும் அடிக்கவில்லை. சிவசாமி கங்காணி வீட்டுச் சமையற்கட்டின் தகரக் கூரை கழன்று, கீரைப் பாத்திகளைத் தாண்டி, தேயிலைக்குள் போய் விழுந்தது. காளியண்ணனும் இன்னும் நான்கு பேரும் மீதித் தகரத்தை இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். கிண்ணங்கள் அசையாமல் நின்றதை அவர் பார்த்தார். கையில் தகரம். தகரத்தை விட்டாலும், பூசை போட்ட கருவியைத் தொடக்கூடாது. அவர் தகரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு எண்ணைப் பார்த்தார். ஆறு மைல். அந்த வருடத்திலேயே குறைந்த அளவு. வெயில் அட்டையில் பத்து மணிக்கும் பதினொன்றேகாலுக்கும் நடுவே கோடு இல்லை. வானத்தில் மேகமும் இருந்திருக்கவில்லை.

லயத்து ஆட்கள் வேலிக்கு வெளியே கூடிவிட்டார்கள்.

"அறுநூறுன்னு போடுண்ணே," என்றாள் பாஞ்சாலை. "இது பொய் இல்லலா. கங்காணி வீட்டுத் தகரமே சாட்சி."

"தகரம் பறந்துச்சி. எத்தன மைல்னு தகரத்துல எழுதலியே."

"நீதானேண்ணே மாலைய போட்ட?"

"நான்தான்."

"அப்ப நீதானே சரி பண்ணணும்?"

காளியண்ணன் நோட்டைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினார். "காற்று 6. ஆயுத பூசைக்கு மாலை போட்டதால் மிசின் நின்றது. மாலை போட்டவர் காளியண்ணன். வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் விபூதி."

மூன்று வாரம் லயத்தில் அவரோடு யாரும் பேசவில்லை. மாலையைக் கட்டியவள் என்பதால் செல்லம்மாவோடும் பேசவில்லை. இதற்குக் கீழ் லயத்துப் பெண்களே மேல் என்று அவள் ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

1982 ஜனவரி 1 அன்று அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. பெரட்டு இருட்டில் நடந்தது. பழைய எட்டு மணிக்கு இப்போது எட்டரை என்று பெயர். காளியண்ணன் எட்டரைக்கே அளந்தார். சூரியனுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை என்பது அவர் காரணம். அதையும் குறிப்பில் எழுதினார்.

மார்ச் 31-ஓடு 365 நாள் முடிந்தது. அவர் கூட்டிப் பார்த்தார். காற்றாலைக்கு வருடத்தில் ஓடியிருக்கவேண்டிய காற்று 78,840 மைல். ஓடியது, கையால் சுற்றியதையும் சேர்த்து, 44,676. சராசரி மணிக்கு 5.1. வெயில் சராசரி 4 மணி 12 நிமிடம். இரண்டிலும் தேறவில்லை.

மாலையால்தான் காற்றாலை போயிற்று என்று லயம் முழுவதும் முடிவு கட்டியிருந்ததால், அதையும் அவர் கணக்குப் போட்டார். காற்றாலைக்குக் குறைபட்டது 34,164 மைல். அன்று ஓடிய ஆறையும் சேர்த்தால் 34,170. இதை அக்டோபர் 7 ஒரே நாளில் ஈடுகட்டியிருக்கவேண்டுமானால், இருபத்து நான்கு மணி நேரமும் காற்று மணிக்கு 1,424 மைல் வேகத்தில் அடித்திருக்கவேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, பெரட்டுக் களத்துத் தூணில் ஒட்டினார். அப்படி அடித்திருந்தால் கங்காணி வீட்டுத் தகரம் மட்டும் போயிருக்காது என்று அடியில் ஒரு வரி.

பாஞ்சாலை அதை நின்று படித்தாள். "இதுல பாதி அடிச்சிருந்தாலே போதும்லா," என்றாள்.

மே மாதம் 11-ஆம் தேதி அர்ஜுனன் கருவிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்தார். முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது என்றார். அந்தப் பக்கத்து இடத்தில் வெயில் சராசரி ஐந்தேகால் என்று எழுதி வந்திருக்கிறது. காளியண்ணன் பெட்டியைக் கொடுத்தார், கிண்ணங்களைக் கொடுத்தார், குண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார். செல்லம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் சமையற்கட்டுப் பலகை ஒன்றைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது. எது கழன்று வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள் போல.

"அட்டைங்கள என்னா செய்யறது சார்?" என்று கேட்டார் காளியண்ணன்.

"மொத்தக் கணக்கு போதும்ண்ணே. அட்டைய யாரும் பாக்க மாட்டாங்க."

"ஒரு தடவ பாத்துட்டுப் போங்க. வெயில்ல காயவைக்கணும்னு எப்படியும் வெளிய எடுக்கணும்."

பெரட்டுக் களத்தில் அவர் அட்டைகளைப் பரப்பினார். மாதத்துக்கு ஒரு வரிசை, பன்னிரண்டு வரிசை, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு கூழாங்கல். முடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. முதலில் பாஞ்சாலை வேடிக்கை பார்க்க வந்தாள். பிறகு கல் பொறுக்கிக் கொடுத்தாள். பிறகு பதினெட்டு வீட்டு ஆட்களும் கல் பொறுக்கினார்கள். என்னத்துக்கு என்று யாருக்கும் தெரியாது.

அர்ஜுனன் படிக்கட்டில் ஏறி நின்று பார்த்தார். முந்நூற்று அறுபத்தைந்து அட்டையிலும் கருகல் ஒரே பக்கத்தில் இருந்தது. பெருநாளுக்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரே தானில் வெட்டிய துணி மாதிரி, பன்னிரண்டு வரிசையும் பாதி பழுப்பு, பாதி வெள்ளை.

"காலையில மட்டுந்தான் அடிச்சிருக்கு," என்றார்.

"ஏழே முக்காலுக்கு ஆரம்பிக்கும். பன்னெண்டுக்கு மூடிக்கும். வருசத்துல இருநூத்து எண்பத்தெட்டு நாள் அப்படி. லயம் கெழக்கு பாத்த மேட்டுல இருக்குது சார். நீங்க பலகைய அந்தப் பக்கம் சாய்ச்சி வைக்கறதா இருந்தா, நாலு மணி நேரமே போதுமான்னு கேக்கணும்னு இருந்தேன்."

அர்ஜுனன் இறங்கி வந்தார். ஏழாவது வரிசையில் ஓர் அட்டையருகே குனிந்தார்.

"இது ஏன் நடுவுல விட்டுப் போயிருக்கு?"

"அது விபூதி."

"ஓரத்துல செவப்பா?"

"குங்குமம். மழையில வழிஞ்சிருக்கும்."

அர்ஜுனன் நோட்டைக் கேட்டு வாங்கினார். குறிப்புப் பத்தியை முதல் நாளிலிருந்து படித்தார். 83-இல் சற்று நின்றார். ஆறில் நீண்ட நேரம் நின்றார். படித்து முடித்து, ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்தார்.

"அந்தப் பக்கத்து நோட்டு எங்கிட்ட இருக்குண்ணே," என்றார். "அங்க காத்து ஒருநாள் நூறு மைல், மறுநாள் நூத்திப் பத்து, அதுக்கு மறுநாள் நூத்தி இருவது. வருசம் பூரா பத்து பத்தாத்தான் அடிச்சிருக்கு. ஜனவரி ஒண்ணாந்தேதி மணி மாத்தினப்ப, கடிகாரத்தோட சேந்து வெயிலும் அரைமணி முன்னால வந்துடுச்சி."

"நல்ல வெயில்லா," என்றார் சிவசாமி கங்காணி.

அட்டைகள் லாண்ட்ரோவரில் ஏறின. வரிசை மாறாமல் இருக்க, மாதத்துக்கு ஒரு பிஸ்கட் டின் என்று பன்னிரண்டு டின் கொடுத்தனுப்பினார் காளியண்ணன். டின்களைத் திருப்பித் தரவேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பலகையைக் கிழக்கே சாய்த்தால் நான்கு மணி நேர வெயிலே போதும் என்று ஆகஸ்டில் கடிதம் வந்தது. 1983 பிப்ரவரி 19, சனிக்கிழமை, மாலை ஏழு மணிக்கு மேல் லயத்தில் பதினெட்டு குழல் விளக்குகள் எரிந்தன. பன்னிரண்டு சோலார் பலகை, கிழக்கே சாய்த்தது. பாட்டரி வைக்க ஒரு தகரக் கொட்டகை. வீட்டுக்கு ஒரு விளக்கு, ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் பழைய மண்ணெண்ணெய் இருந்தது. செல்லம்மா விளக்கைச் சமையற்கட்டில் மாட்டச் சொன்னாள். முதல் நாள் வெளிச்சத்தில் அவள் கண்டது, பலகைச் சுவரில் இருபது வருடத்துக் கரி. ஒன்பதரை வரை தேய்த்துக் கழுவினாள்.

துரையின் கடிதம் மார்ச்சில் வந்தது. மேல் லயத்துக்கு விளக்கு வசதி ஏற்பட்டிருப்பதால், இடமாற்றம் ஒத்திவைக்கப்படுகிறது. 1989-இல் காளியண்ணன் ஐம்பத்தைந்து வயதாகி வேலையிலிருந்து நின்றபோதும் அது ஒத்திவைக்கப்பட்டே இருந்தது.

நடுவில் ஒன்று நடந்தது. 1986-இல் உலகத்தில் எண்ணெய் விலை விழுந்தது. வெயிலின் விலையில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் அதிகாரிகள் வருவது நின்றுவிட்டது. அர்ஜுனனை வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். போகும் முன் பன்னிரண்டு டின்களையும் அனுப்பி வைத்தார். அதன்பின் பலகைகளில் படியும் பாசியைத் திங்கட்கிழமை தோறும் துடைத்ததும், பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியதும் காளியண்ணன்தான். யாரும் சொல்லி அல்ல.

விளக்கு வந்த வருடத்து ஆயுத பூசையைச் சொல்லவேண்டும். காலை ஒன்பது மணிக்கு லயமே சந்தனக் கிண்ணத்தோடு பலகைகளுக்கு முன்னால் கூடிவிட்டது. பன்னிரண்டு பலகைக்குப் பன்னிரண்டு மாலை தயார். பாஞ்சாலை கையில் விபூதித் தட்டு.

காளியண்ணன் பலகைகளைச் சுற்றிப் போட்ட வேலிக்கு உள்ளே நின்றார். முந்தைய வாரமே அவர் ஓர் இலையை ஒரு பலகையின் மேல் வைத்து, அன்றைக்கு விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்று பார்த்து வைத்திருந்தார். பத்து நிமிடம் முந்தி அணைந்தது.

"கண்ணாடியில ஒரு பொட்டு விழுந்தா பத்து நிமிசம்," என்றார். "ஆளுக்கு ஒண்ணு வச்சா, இன்னிக்கி சாமி கும்பிட வெளக்கு இருக்காது."

"கருவிக்குப் பொட்டு வைக்காம விட்டா குத்தம்லா காளி," என்றார் சிவசாமி கங்காணி.

செல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு மாலையை எடுத்தாள். பலகையைத் தாங்கும் இரும்புக் கால்களைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து, வெயில் விழாத பக்கமாக, ஒரு காலில் கட்டினாள்.

"சாமிக்கு முகத்துலதான் பூ வைக்கணும்னு இருக்கா? பாதத்துல வைக்கறதில்லையா?" என்றாள்.

பன்னிரண்டு பலகைக்கும் காலில் மாலை விழுந்தது, காலில் பொட்டு ஏறியது. காளியண்ணன் நோட்டில் எழுதினார்: "மாலை 12, எல்லாம் கீழே, நிழல் பக்கம். விளக்கு 7.00 முதல் 9.30 வரை. குறைவு இல்லை." பிறகு பேனாவை மூடப்போனவர், "யோசனை: செல்லம்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

பாஞ்சாலை போகும்போது வேலியருகே நின்றாள்.

"இந்தப் புத்தி அப்பவே வந்திருந்தா, மாலைய கம்பத்துக் கால்ல போட்டிருந்தா, இன்னிக்கி காத்தாலையும் சேத்து வந்திருக்கும்ண்ணே."

"ஆயிரத்து நானூத்தி இருபத்து நாலு மைல், பாஞ்சாலை."

"அன்னிக்கி அடிச்ச காத்து அதுக்கு மேலயே இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.